பதினெட்டு நிமிடம்

(வெல்லாவெளியில் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் இருக்கும் இந்தக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர். வாவிக்கு அப்பால் கடலோரம் கிடப்பது எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம் ஒன்று, படும் பக்கம் ஒன்று. வாவியை நடுவில் வைத்து, வானத்தைப் பார்த்து நிலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். நான் 27 வருடம் வாழ்ந்த நோர்வே நாட்டு ஊரில் வருடத்தில் நான்கு மாதம் இந்த இரண்டு சொல்லும் செல்லாது. வார்டோ என்பது அந்த ஊர். பேரன்ட்ஸ் கடலில், 70 பாகை வடக்கில், ஒரு சிறு தீவு. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி பாதி போன பிறகுதான் மறுபடி தலைகாட்டும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அது மறைவதே இல்லை. அங்கே எழுவானும் இல்லை, படுவானும் இல்லை.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள், நீங்கள் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலி வேலையைப் பற்றிச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கிறார்கள், விண்வெளியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்கள் ஆசிரியர் என்னிடம் கேட்டார். மூன்று தலைப்பாகக் கேட்டார். எனக்கு அவை மூன்றும் ஒரே கதை. அதை இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், இங்கே பற்றரி கிடைக்காது. வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து கொண்டுவர விடமாட்டார்கள். வானொலி இருந்த வீடுகளில் அது பெட்டியாகவே கிடந்தது. அப்போதுதான் சைக்கிள் டைனமோவைக் கழற்றி வானொலிக்குப் பூட்டும் வித்தையை எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணன் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்று நான் சொல்வதை யாழ்ப்பாணத்தார் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அங்கேயும் அதே காலத்தில் அதையே செய்துகொண்டிருந்தார்கள். தேவை ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாகத்தான் வரும்.

பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கவனியுங்கள். நாலு பற்றரி போடும் வானொலிக்கு ஒன்றரை வோல்ட்டாக நாலு, மொத்தம் 6 வோல்ட் வேண்டும். சைக்கிள் டைனமோ கொடுப்பதும் 6 வோல்ட்தான். அளவு பொருந்துகிறது. ஆனால் நேரே பூட்டினால் வானொலியில் ஆள் பேசுவது கேட்காது, 'ங்ங்' என்று வண்டு இரைவதுதான் கேட்கும். டைனமோவின் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக ஆடுவது. அதை ஒரு பக்கமாக ஓடவைக்க நாலு டயோட் வேண்டும். மேடு பள்ளத்தை நிரவ ஒரு கொள்ளளவி வேண்டும். உடைந்த வானொலிகளிலிருந்து அந்த அண்ணன் அவற்றைக் கழற்றி எடுத்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்து செய்தி கேட்போம். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். முக்கியமான இடத்தில் "டேய், சுத்துடா" என்று எல்லோரும் கத்துவோம்.

நான் அப்போது சுற்றுகிற ஆள். செய்தியில் என்ன சொன்னார்கள் என்பது இன்று பெரும்பாலும் மறந்துபோயிற்று. கைக்கும் குரலுக்கும் இடையில் நடந்த அந்தக் காரியம் மட்டும் மறக்கவில்லை. என் கையின் சூடு எங்கோ இருக்கும் ஒருவரின் குரலாக மாறுகிறது. பிற்காலத்தில் நான் தொட்ட எல்லாக் கருவியும் அங்கிருந்து வந்தவைதான்.

வார்டோவுக்கு நான் போனதில் புதுமை ஒன்றுமில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்தே நோர்வேயின் வடகோடியான பின்மார்க் பகுதிக்கு, மீன் பதனிடும் ஆலைகளுக்கு, நம்மவர்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். உள்ளூர் இளைஞர் தெற்கே பட்டணங்களுக்குப் போய்விட, ஆலைகளின் மேசைகளை நம் பையன்களும் பெண்பிள்ளைகளும் நிரப்பினார்கள். கொட் மீனைப் பிளந்து, முள் எடுத்து, தோல் உரிக்கும் வேலை. ஆலைக்குள் குளிர், வெளியே அதைவிடக் குளிர். வாவியில் இறால் பிடித்து வளர்ந்தவனுக்கு மீன் வாசம் பழக்கம், அந்த இருட்டுத்தான் பழக்கமில்லை. மதியம் 12 மணிக்கும் தெருவிளக்கு எரியும். வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் அம்மா, "இப்ப உங்க விடிஞ்சிட்டா மகன்?" என்று கேட்பார். என்ன சொல்வது? "விடிஞ்சிட்டு அம்மா" என்பேன்.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி இங்கே பலரும் பலவிதமாக நினைக்கிறீர்கள். காசு இருக்கிறது, கார் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தன் ஊரில் என்ன நடக்கிறது என்பதை இன்னொருவர் சொல்லித்தான் அறிய வேண்டிய வாழ்க்கை அது. மழை பெய்ததா, வெள்ளாமை எப்படி, யானை வந்ததா, யார் செத்தது, எல்லாம் கேள்விதான். கேட்டுக்கேட்டு வாழ்கிறவனின் காது கூர்மையாகும். நான் காதால் வாழ ஆரம்பித்தேன்.

ஆலையில் என்னோடு வேலை செய்த நோர்வேக்காரர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், அமெச்சூர் வானொலிக்காரர். ஹாம் என்பார்கள். அரசின் பரீட்சை எழுதி, உரிமம் பெற்று, தனக்கென ஓர் அழைப்புக்குறி வைத்துக்கொண்டு, சொந்தக் கருவியால் உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள் அவர்கள். இலங்கையிலும் உண்டு. நம் நாட்டு அழைப்புக்குறி 4எஸ் என்று தொடங்கும். இலங்கை வானொலிச் சங்கம் 1950இலிருந்து இயங்குகிறது. உரிமத்துக்கான பரீட்சையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நடத்துகிறது. 2004 டிசம்பரில் சுனாமியாகக் கடல் வந்தபோது அம்பாந்தோட்டையில் தொலைபேசி எல்லாம் செத்துக் கிடக்க, விக்டர் குணதிலக்கவும் அவருடைய தோழர்களும் சிற்றலைக் கருவியைக் கொண்டுபோய் வைத்துக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதே நாட்களில் அந்தமானில், வேறு காரியத்துக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணியும் அவருடைய குழுவும் போர்ட் பிளேயரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பொழுதுபோக்கு என்று நாம் சொல்லும் வேலையின் பெறுமதி அப்படியான நாளில்தான் வெளியே தெரியும்.

அந்த நோர்வேக்காரர் எனக்கு ஒரு பழைய சிற்றலை வாங்கியைத் தந்தார். இருட்டு மாதங்களில் அதில் தமிழ் தேடுவேன். சில இரவு பிடிபடும். துருவ ஒளி வானத்தில் பச்சையாக ஆடும் இரவில் சிற்றலை முழுக்கச் செத்துவிடும்; மேல்வானத்தில் ஏற்படும் அந்தக் குழப்பம் அலையை விழுங்கிவிடும். பார்க்க அழகான இரவு, கேட்க ஒன்றுமில்லாத இரவு.

வார்டோ ஒரு விசித்திரமான ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அந்தத் தீவின் மேட்டில் விண்வெளியில் சுற்றும் பொருட்களைப் பின்தொடரும் குளோபஸ் என்ற பெரிய ரேடார் வெள்ளைப் பந்துக்குள் இருக்கிறது. அதற்கு முன்பும், 1769இல், அந்த ஊருக்கு ஒரு வானியலாளர் வந்திருக்கிறார். மக்சிமிலியன் ஹெல் என்ற யேசுசபைத் துறவி. வெள்ளிக்கிரகம் சூரியனின் முகத்தைக் கடந்து போவதைப் பார்க்க வியன்னாவிலிருந்து வந்தவர். அந்தக் கடப்பு நடந்த நேரம் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரவு. இரவில் சூரியனைப் பார்க்க நடுநிசிச் சூரியன் உள்ள ஊருக்குத்தானே போகவேண்டும்? அதனால் வார்டோ. முகில் இடைவெளி விட்டது. ஹெல் பார்த்தார், அளந்தார்.

அதே கடப்பைப் பார்க்க இன்னொருவர் நம் பக்கம் வந்திருந்தார். லெ ஜோந்தி என்ற பிரெஞ்சுக்காரர், புதுச்சேரியில் காத்திருந்தார். 1760இல் நாட்டை விட்டு வெளிக்கிட்டவர். 1761இல் நடந்த முதற் கடப்பை, யுத்தத்தால் கரையிறங்க முடியாமல், ஆடும் கப்பலில் இருந்து பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் கீழைத் தேசங்களில் தங்கினார். புதுச்சேரியில் கண்காணிப்பகம் கட்டினார். அங்கே தமிழர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு ஆச்சரியப்பட்டு, அதைக் கற்று எழுதியும் வைத்தார். 1769 ஜூன் 4 காலை, சூரியன் எழுந்தது, வெள்ளி அதன் முகத்தில் இருந்தது, முகில் வந்து மூடியது. கடப்பு முடிந்த பிறகுதான் முகில் விலகியது. 1771இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவு செய்து உறவினர் சொத்தைப் பிரித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை நெஞ்சில் குத்தும். நான் மீன் வெட்டிய ஊரில் ஒருவர், நம் தமிழ் ஊரில் ஒருவர், ஒரே நாளில் ஒரே கிரகத்தைப் பார்க்க நின்றிருக்கிறார்கள். இருவருக்கும் இடையில் வித்தியாசம் செய்தது முகில். அன்று முகில் எங்கிருந்து வருகிறது என்று மேலே இருந்து பார்த்துச் சொல்ல யாருமில்லை.

இப்போது இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டி வந்தேன்.

முகிலைப் படமெடுக்கும் முதற் செய்மதி டைரோஸ் 1. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்டது. 1963 டிசம்பரில் போன டைரோஸ் 8இல் ஒரு புதிய வசதி வைத்தார்கள். தான் கீழே காணும் படத்தை அந்தக் கணமே, கேட்கும் எவருக்கும், வானொலி அலையாக வீசிக்கொண்டு போவது. அனுமதிச்சீட்டு இல்லை, கட்டணம் இல்லை. அமெரிக்கா ஏவிய செய்மதி என்றாலும், வெல்லாவெளிக்கு மேலே வரும்போது வெல்லாவெளியின் முகிலை வெல்லாவெளிக்கே சொல்லிவிட்டுப் போகும்.

அந்தக் குரலைக் கேட்க முன்பெல்லாம் பெரிய கருவி வேண்டும். 2012இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட, விரல் அளவான ஒரு மலிவுச் சாதனத்தை வைத்துப் பரந்த அலைவரிசைகளைக் கேட்க முடியும் என்று சில பொழுதுபோக்காளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆர்டிஎல் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வோம். சாதாரணக் கைத்தொலைபேசியின் விலைகூட வராது. அன்ரனா? அதை இந்தக் கையாலேயே செய்யலாம்.

எப்படி என்று சொல்கிறேன். செய்மதி பேசுவது 137 மெகாஹேர்ட்ஸ் அளவில். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலையின் நீளம் இரண்டு மீற்றருக்குச் சற்று மேலே வரும். அதில் காற்பங்கு 54 சென்ரிமீற்றர் அளவு. கம்பியின் நுனியில் அலை கொஞ்சம் இழுபடும் என்பதால் சற்றுக் குறைத்து 53.4 சென்ரிமீற்றரில் இரண்டு கம்பி வெட்ட வேண்டும். 120 பாகை விரித்து, படுக்கையாக, வாய் வடக்கே அல்லது தெற்கே பார்க்க வைக்க வேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்கு மின்சாரம் இழுத்து மிஞ்சிய செப்புக் கம்பி போதும். கம்பியின் நீளத்துக்கும் அதில் எழும் அலைக்கும் உள்ள கணக்கு இந்தக் கீழ்க்கரைக்குப் புதிதில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, கடைசியில் 1947இல் வெளியான யாழ் நூலில் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கால் கட்டிக் காட்டினார். அதே குடும்பத்துக் கணக்குத்தான் இது. யாழ் நரம்பு காற்றை அதிரவைக்கிறது. இந்தக் கம்பி வானத்து அலைக்கு அதிர்கிறது.

முதன்முதல் நான் பிடித்தது நோவா 19 என்ற செய்மதியை. வார்டோவில், பெப்ரவரி மாதம், பனிக்குள் நின்று. 'டிக் டொக், டிக் டொக்' என்று மணிக்கூடு போல ஒரு சத்தம், அதற்குள் மெல்லிய விசில். அந்தச் சத்தம்தான் படம். ஒரு வினாடிக்கு இரண்டு வரி. மருதமுனைத் தறியில் புடவை வளர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி, வரிக்குமேல் வரியாக, கணினித் திரையில் பேரன்ட்ஸ் கடல் வளர்ந்தது, பனிக்கட்டி வளர்ந்தது, பின்லாந்தின் குளங்கள் வந்தன. கண்ணீர் வந்தது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. டைனமோ சுற்றிய கை அது.

வடதுருவத்தை ஒட்டிப் போகும் செய்மதிகள் இவை. ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை உலகைச் சுற்றும். துருவத்துக்குக் கிட்ட இருப்பதால் வார்டோவில் கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும். இங்கே வெல்லாவெளியில் ஒரு செய்மதி நாளைக்கு நாலு தடவைதான் கேட்கிற தூரத்தில் வரும்.

ஒருநாள் உட்கார்ந்து அதன் பாதையை வரைந்து பார்த்தேன். நம் தலைக்கு மேலே வடக்கு நோக்கிப் போகும் செய்மதி எங்கே போகிறது? இந்தியாவைக் கடந்து, இமயத்தைக் கடந்து, ரஷ்யாவுக்கு மேலாக, ஏறத்தாழ 18 நிமிடத்தில் வார்டோவின் கிழக்கு வானத்தில் நிற்கிறது. பதினெட்டே நிமிடம். இங்கிருந்து களுவாஞ்சிக்குடிக்கு பஸ் போகிற நேரம்கூட இல்லை. என் அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டிருக்கும் நேரம், அந்த முற்றத்துக்கு மேலே முகில் இருக்கிறதா இல்லையா என்று கண்ட கண், பதினெட்டு நிமிடத்தில் எனக்கு மேலே வந்து நிற்கிறது. கேட்டால் சொல்லுமா?

சொல்லாது. அது எதையும் எனக்காக வைத்திருப்பதில்லை. காண்பதைக் கண்ட இடத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விடும். வெல்லாவெளிக்கு மேலே சொன்னதை வெல்லாவெளியில் நின்றவன்தான் கேட்டிருக்க வேண்டும். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஓடும் பாதையை, அந்த மிதவைப் படகை, நினைத்துக்கொள்ளுங்கள். அது வரும் நேரத்துக்குத் துறையில் நின்றால் ஏறலாம். துறையில் ஆளில்லாவிட்டால் வெறுமையாகப் போகும். இந்த ஊர்ப் பாறைகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய பிராமி எழுத்து இருக்கிறது. கல்லில் வெட்டியது காத்திருக்கும், இன்று போனாலும் வாசிக்கலாம். செய்மதி காத்திராது.

2018 ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது அந்தச் சாதனத்தைக் கொண்டுவந்தேன். முற்றத்தில் தடி நட்டு, கம்பியை விரித்துக் கட்டினேன். அம்மா வேலியைப் பார்த்துக்கொண்டு, "கம்பி ஒண்டும் கட்டாத மகன், ஆக்கள் கேப்பாங்க" என்றார். கம்பியும் வானொலியும் ஆபத்தாக இருந்த காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய் அவர். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். முதலில் கிராம சேவகரிடம் போய் இது என்ன, எதற்கு என்று சொன்னேன். அயலவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் தெரிந்த பிறகு அம்மாவும் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

பின்னேரம் நாலரை மணியளவில் தெற்கிலிருந்து வந்தது. டிக் டொக். முதலில் வெறும் கடல், முகில் சிதறல். பிறகு மாங்காய் போல் ஒரு கரை. "இதுதான் இலங்கை அம்மா" என்றேன். "எங்கட வாவி எங்க?" என்று கேட்டார். வாவி தெரியவில்லை. அந்தப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீற்றர். நம் வாவி 56 கிலோமீற்றர் நீளம் ஓடினாலும் அகலமான இடத்திலேயே 4 கிலோமீற்றர்தான். ஒரு புள்ளிக்குள் ஒளிந்துகொண்டது. ஆனால் மத்திய மலையின் மேல் முகில் குவிந்திருப்பது தெரிந்தது. கச்சான் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, நமக்கு வெயிலை மட்டும் அனுப்புவதை அம்மா அன்று கண்ணால் கண்டார். "அதான் இஞ்ச மழையில்ல" என்றார். எழுபது வருடம் உடம்பால் அறிந்த ஒன்றைப் படமாகக் கண்டவர் சொன்ன சொல் அது.

பதினெட்டு நிமிடம் கழித்து வார்டோவில் என் நோர்வே நண்பர் அதே செய்மதியைப் பிடித்தார். இரவு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றில் நம் தீவு. மற்றதில் வெள்ளைக் கடலும் வடக்குச் சீமையும். எடுத்தது ஒரே கண். அவர் இங்கே இல்லாமல் அவருக்கு இந்தப் படம் இல்லை. நான் அங்கே இல்லாமல் எனக்கு அந்தப் படம் இல்லை.

பெரியவர்களுக்கு ஒரு நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1978 நவம்பர் 23. எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் வீட்டில் வானொலி இல்லை. காற்று வந்த பிறகுதான் காற்று வந்தது தெரிந்தது. அப்பா எங்களை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கல்வீட்டுக்குப் போனார். விடிந்து வெளியே வந்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன. ஊர் என்று சொல்ல நிமிர்ந்து நின்றது எதுவும் இல்லை. அந்தச் சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டுபோயிற்று. நான் பின்னாளில் படித்தறிந்த ஒன்று: நான் பிடித்த நோவா செய்மதிகளின் வரிசைக்கு முன்னோடி டைரோஸ்-என். அது விண்ணுக்குப் போனது 1978 அக்டோபர் 13. சூறாவளிக்கு 41 நாள் முந்தி. அது போவதற்கும் ஏறத்தாழப் பதினைந்து வருடத்துக்கு முன்பிருந்தே முகிற்படம் வானத்திலிருந்து பொழிந்துகொண்டுதான் இருந்தது. நம் கூரைக்கு மேலேதான் பொழிந்தது. கீழே நம்மிடம் கம்பி இல்லை.

இப்போது கைத்தொலைபேசியில் முகிற்படம் பார்க்கலாமே, பிறகு எதற்கு இந்தக் கம்பி என்று பிள்ளைகள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. தொலைபேசிப் படம் கோபுரம், கண்ணாடியிழை, எங்கோ ஒரு நாட்டின் கணினி என்று பல கை மாறி வருகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துபோன ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். செய்மதிக்கும் உங்கள் கம்பிக்கும் இடையில் கோபுரம் இல்லை. ஒரு மடிக்கணினியில் மின்னேற்றம் இருந்தால் போதும். எச்சரிக்கை விடும் பொறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்துடையது. அதை நாம் கையில் எடுக்கக்கூடாது. ஆனால் அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் கண் ஊருக்குள் இருக்க வேண்டும். தாழமுக்கம் என்று வானொலியில் சொல்லும்போது அது எப்படிச் சுழியும், எங்கே முறுக்கும் என்று பத்துத் தடவை தானே பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு, அந்தச் சொல் வெறும் சொல்லாக இராது.

இடத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு கதை. 1977இல் வோயேஜர் என்ற இரண்டு விண்கலங்கள் போயின. திரும்பி வராத பயணம். முதலாவது 2012இல் சூரியக் காற்றின் எல்லையையே தாண்டிவிட்டது. இரண்டிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வணக்கம். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை. இதை வைத்து நம்மவர்கள் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் வலித்தது. ஆனால் நடந்தது என்ன? நேரம் குறைவு. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். அறைக்கு வந்தவர்களின் மொழி தட்டில் ஏறியது. அன்று அந்த அறையில் ஒரு தமிழ்ப்பிள்ளை இருந்திருந்தால் ஒரு வணக்கம் கூடியிருக்கும்.

இலங்கையின் இராவணா 1 என்ற செய்மதியைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் வராவிட்டாலும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிப்பை அளவு எடை. உள்ளங்கையில் நிற்கும் பெட்டி. தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா என்ற இரண்டு இளம் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கும்போது செய்தது. 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. வெளிநாடு போனவர்கள் வேலையில் மாத்திரம் மாண்டுபோகத் தேவையில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. அது பேசியது அமெச்சூர் அலைவரிசையில். இப்படியான சிறு செய்மதிகள் ஊருக்கு ஊர் கேட்கிறவர்களை நம்பித்தான் பறக்கின்றன. பொழுதுபோக்காளர்கள் தாமே செய்மதி செய்து அனுப்பிய கதையும் பழையது. 1961 டிசம்பர் 12இலேயே ஒஸ்கார் 1 என்ற பெட்டியைக் கலிபோர்னியாவின் ஹாம்கள் அனுப்பி, மோர்ஸ் குறியில் 'ஹாய்' என்று சொல்லவைத்தார்கள். 2005இல் இந்தியா ஹாம்சட்டை ஏவி இந்த வட்டாரத்து ஹாம்களுக்கெல்லாம் கொடுத்தது. 2014 வரை அது உழைத்தது.

வெளிநாட்டில் இருக்கும் என் ஊரவருக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த உரை அச்சாகி அவர்கள் கையிலும் போய்ச் சேரும். கோயிலுக்கு அனுப்பினீர்கள், மண்டபத்துக்கு அனுப்பினீர்கள், வெள்ளத்துக்கு அனுப்பினீர்கள். எல்லாம் வேண்டியவைதான். நானும் அனுப்பியவன். ஆனால் 27 வருடமாக நான் அனுப்பியது காசு. இந்த ஊரின் வானத்தைக் கேட்க ஒரு காதை என்னால் அங்கிருந்து அனுப்ப முடியவில்லை. அது இங்கேதான் வளர வேண்டும். அதற்கு வேண்டிய சாமான் வாங்கக் காசு தாருங்கள், தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். கேட்கிற வேலையை இங்குள்ள பிள்ளைகளிடம் விடுங்கள்.

நான் பிடித்துப் பழகிய நோவா செய்மதிகள் இன்று பேசுவதில்லை. 2025இல் நோவா 18ஐ ஜூனிலும், 19ஐயும் 15ஐயும் ஆகஸ்டிலும் நிறுத்திவிட்டார்கள். 15 மட்டும் 27 வருடம் பறந்தது, நான் வார்டோவில் இருந்த அளவு. டிக் டொக் சத்தம் இனி இல்லை. ஆனால் ரஷ்யாவின் மீற்றியோர் செய்மதிகள் இரண்டு, 2023இலும் 2024இலும் போனவை, அதே 137 மெகாஹேர்ட்ஸில் பேசுகின்றன. இவற்றின் சத்தம் வெறும் இரைச்சல்தான். கணினிக்குத்தான் அது விளங்கும். அதற்கான மென்பொருள் இலவசம். படம் நிறத்தில் வரும். ஒரு புள்ளி 4 கிலோமீற்றர் இல்லை, 1 கிலோமீற்றர். அம்மா கேட்ட வாவி அதில் தெரிகிறது. கல்லடியிலிருந்து நம் பக்கம் வரை, கறுப்பு நூல் ஒன்று நெளிந்து கிடப்பதுபோல. அம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை.

வயற்காவலுக்குப் பரணில் படுத்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். நட்சத்திரங்களுக்கு இடையில், மினுங்காமல், சத்தமில்லாமல் நகரும் ஒரு புள்ளியைக் கண்டிருப்பீர்கள். பிள்ளைகளை ஒருநாள் பரணுக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டுங்கள். நீங்கள் காட்டாமல் என் கருவியால் ஒன்றும் ஆகாது.

இந்தப் பெட்டிக்குள் ஒரு ஆர்டிஎல், பழைய மடிக்கணினி ஒன்று, 53.4 சென்ரிமீற்றரில் வெட்டிய கம்பி இரண்டு, பத்து மீற்றர் வயர், செய்மதி வரும் நேரத்தைக் கணிக்கும் முறையைத் தமிழில் எழுதிய கொப்பி ஒன்று இருக்கின்றன. இதை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது பிடியுங்கள். தேதி, நேரம், பிடித்தவர் பெயர் எழுதிப் படத்தைச் சேருங்கள். பிடிபடாத நாளையும் எழுதுங்கள். பெண்பிள்ளைகள் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து கம்பியைப் பிடியுங்கள். மாரி கார்த்திகையில் தொடங்கும். அதற்கு முன் பழகிவிடுங்கள்.